பரணில் கிடந்த ரூட்டர்

அத்தியாயம் 17

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாஸ்டரைக் கொண்டுவந்து விடுவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கே அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முன்னறை ஜன்னலுக்குத் திரை மாற்றினாள். மாற்றியதைக் கழற்றிவிட்டுப் பழையதையே மறுபடி மாட்டினாள். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்தாள், சுவர்ப் பக்கம் தள்ளினாள். நடுவில் நான்கு தடவை மாடிப்படி வரை போய், ஏறாமல் திரும்பி வந்தாள்.

மாஸ்டர் அவளுடைய கணவர். முப்பது வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். தெருவில் பாதிப் பேர் அவரிடம்தான் கிளச் மிதிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதனால் பெற்ற பிள்ளைகளைத் தவிர எல்லாருக்கும் அவர் மாஸ்டர். கோபம் வந்தால் அம்மாவுக்கும். பதினெட்டு நாளைக்கு முன் பயிற்சி மைதானத்துச் சரிவில் கால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து, இனி வீட்டிலேயே படுத்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை, மாடிப்படி ஏறக் கூடாது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. கீழே கட்டில் போட இடமுள்ள அறை முன்னறை ஒன்றுதான். அந்த முன்னறையில்தான் மூத்தவள் வேலை பார்க்கிறாள்.

மூத்தவள் சைகைமொழி பெயர்ப்பாளர். காது கேளாத ஒருவர் டாக்டரையோ வக்கீலையோ பார்க்கப் போனால், அங்கே மேஜைமேல் ஒரு திரை இருக்கும். அதில் இவள் முகமும் கைகளும் தெரியும். டாக்டர் பேசுவதைக் கையால் சொல்வாள்; அவர்கள் கையால் சொல்வதை வாயால் சொல்வாள். இணையம் ஒரு நொடி திணறினால் மற்றவர்களுக்குப் படம்தான் உறையும். இவளுக்கோ ஒரு வார்த்தை பாதிக் கையில் நின்றுபோகும். 'வலி இல்லை' என்பதில் 'இல்லை' தொலைந்துபோனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை ஆகியிருக்கிறது.

இன்று மூன்று மணிக்கு ஒரு பெண், தன் கழுத்துக் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்வதா வேண்டாமா என்று டாக்டரிடம் பேச வேண்டும். அந்த டாக்டரின் நேரத்துக்காக இரண்டு மாதம் காத்திருந்தவள். இன்று விட்டால் இன்னும் இரண்டு மாதம்.

ஆகவே முன்னறை அப்பாவுக்கு, மாடியின் பின்பக்க அறை மூத்தவளுக்கு. போன வாரமே இப்படி முடிவு செய்தாயிற்று. அம்மா மட்டும்தான் ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் சுவரெல்லாம் ஓதம் என்றாள். திங்கட்கிழமை எலி என்றாள். நேற்று, மத்தியானமானால் அனல் அடிக்கும், மண்டை வெடித்துவிடும் என்றாள். ஓர் அறைக்கு இத்தனை வியாதியா என்று மூத்தவள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு மடிக்கணினியைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு மூத்தவள் படியேறினாள். முன்னறையில் நிறைந்து நின்ற சிக்னல் எட்டாம் படியில் இரண்டு கோடாயிற்று. மாடித் திருப்பத்தில் ஒன்று. பின்பக்க அறையின் கதவைத் திறந்ததும் அந்த ஒன்றும் போய்விட்டது.

அறையில் ஓதம் இல்லை. எலி வந்த அடையாளமும் இல்லை. தரை பெருக்கித் துடைத்திருந்தது. மூலையில் ஒரு மெத்தை சுருட்டி வைத்திருந்தது, அதன்மேல் துவைத்த உறை போட்ட தலையணை. வாயால் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எனக்காக அறையைத் தயார் செய்திருக்கிறாள் என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அது வழக்கம்தான்.

சிக்னலுக்கு வழி நேற்றே கேட்டு வைத்திருந்தாள். அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனிடம் போனில் புலம்பியபோது, புதிதாக எதுவும் வாங்காதீர்கள், வீட்டில் பழைய ரூட்டர் கிடந்தால் அதை மாடியில் வைத்துக் கீழே இருப்பதிலிருந்து ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள், போதும் என்றார். மூன்று விஷயம் மட்டும் கவனிக்கச் சொன்னார். ஒன்று, நிறம் வேறாக இருக்கும் தனி ஓட்டையில் கேபிளைச் சொருகக் கூடாது. ஒரே நிறத்தில் வரிசையாக இருக்கும் நான்கில் ஒன்றில் சொருக வேண்டும். இரண்டு, பழைய பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கலாம், பரவாயில்லை. மூன்றாவதைச் சொல்ல வாயெடுத்தபோது அவருக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. இரண்டு தெரிந்தால் போதாதா என்று மூத்தவள் கடைக்குப் போய் முப்பது மீட்டர் கேபிளோடு திரும்பினாள்.

ரூட்டர் பரணில் இருந்தது. அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, மூத்தவள் ஏறி, உடைந்த மேஜை விளக்குக்கும் பழைய கேள்வித்தாள் கட்டுகளுக்கும் பின்னாலிருந்து அதை இழுத்தாள். ஆன்டெனா இரண்டு, கொம்பு மாதிரி. ஒன்று தொளதொளத்து, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது.

"அதுவா? அது எரியவே எரியாதே" என்றாள் அம்மா.

எரிந்தது. அறைக்குள் ஒரு பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்ததும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன் சின்னவன் வாங்கி மாட்டிய ரூட்டர் அது. 'கேட்டா தரமாட்டேன்' என்று பெயர் வைத்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் பாஸ்வேர்ட் கேட்டு மூன்று முறை கதவைத் தட்டிய வாரத்தில் வைத்த பெயர். அதற்குப் பிறகு அவர் தட்டவில்லை.

அந்தச் சின்னவன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. கூடவே வந்துகொண்டிருப்பவர்களுக்குக் கதை தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்பாவின் ஸ்கூலில் அவன் பயிற்சியாளனாக இருந்தான். ஒருநாள், கற்றுக்கொள்ள வந்தவர் ஓட்ட, இவன் பக்கத்தில் இருக்க, கார் நேராகப் பேருந்து நிறுத்தத்துக்குள் புகுந்தது. நின்றிருந்த ஒருவரின் கால் நொறுங்கியது. பயிற்சியாளனுக்கென்று என் பக்கம் இருக்கும் பிரேக்கை மிதித்தேன், பெடல் தரைவரை போய்விட்டது, வண்டி நிற்கவில்லை என்றான் சின்னவன். காலையில் நானே சோதித்தேன், பிரேக்கில் ஒரு குறையும் கிடையாது என்று விசாரணையில் அப்பா சொன்னார். மாஸ்டர் சொன்ன பிறகு மறு பேச்சு ஏது? சின்னவனின் லைசென்ஸ் போயிற்று. அன்று மாலையே ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

மூத்தவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. விபத்து நடந்த அன்று காலை, வாசலில் நின்று அப்பா மெக்கானிக்கோடு போனில் பேசியதை அவள் கேட்டாள். பெடல் கொஞ்சம் உள்ளே போகிறது, சாயங்காலம் வண்டியைக் கொண்டு வருகிறேன் என்றார் அப்பா. விசாரணையில் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே என்பதைத்தான் இரண்டு வருஷமாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறாள்.

பதினோரு மணிக்குள் கேபிளைப் படிக்கட்டுக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி மேலே கொண்டுவந்தாள். நான்கில் ஒன்றில் சொருகினாள். மடிக்கணினியில் நிறைய சிக்னல் வந்தது. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. அரை நிமிஷம் திறந்தது. மறுபடி போயிற்று. கீழேயிருந்து அம்மா, தன் போனிலும் எதுவும் போக மாட்டேன் என்கிறது, இப்போது பார்த்து இப்படியா என்று குரல் கொடுத்தாள். குரலில் அவசரம் இருந்தது. யாருக்கு என்ன அனுப்ப இவ்வளவு அவசரம் என்று மூத்தவள் யோசிக்கவில்லை. அவளுக்கே தலைக்குமேல் இருந்தது.

கேபிளைப் பிடுங்கினாள், சொருகினாள். ரூட்டரை அணைத்தாள், போட்டாள். டெக்னீஷியனைக் கூப்பிட்டாள்; எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பன்னிரண்டரை. சாப்பிட வா என்றாள் அம்மா. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு மணிக்கு மேலாளருக்கு, மூன்று மணிக்கு வேறு யாரையாவது போட முடியுமா என்று எழுதினாள். சைகை தெரிந்த இன்னொருவர் இன்று விடுப்பு என்று பதில் வந்தது.

கடைசியில், கீழிருந்து வந்த கேபிளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய ரூட்டரையும் மடிக்கணினியையும் மட்டும் ஒரு சின்ன கேபிளால் இணைத்தாள். ரூட்டரின் வயிற்றில் ஒட்டியிருந்த சீட்டில் உள்ளே நுழையும் வழி அச்சடித்திருந்தது. அதைப் பார்த்து அடித்தாள். அமைப்புப் பக்கம் திறந்தது. அந்த மூன்றாவது விஷயம் இதற்குள் எங்கேயோதான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனாள்.

'இணைந்துள்ள கருவிகள்' என்று ஒரு பட்டியல் வந்தது. ஒன்றுதான் இருக்க வேண்டும், அவளுடைய மடிக்கணினி. இரண்டு இருந்தன.

இரண்டாவதற்கு எதிரே 'சின்னு' என்று இருந்தது.

சின்னு என்பது வீட்டில் அவனைக் கூப்பிடும் பெயர். தன் போனுக்கும் அதையே வைத்திருந்தான். பழைய நினைவாக ரூட்டருக்குள் தங்கியிருக்கும், அவ்வளவுதான் என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பக்கத்திலேயே எவ்வளவு நேரமாக இணைப்பில் இருக்கிறது என்ற கணக்கும் இருந்தது. ஏழு நிமிஷம். பக்கத்தைப் புதுப்பித்தாள். எட்டு நிமிஷம்.

தெரிந்த பெயரையும் தெரிந்த பாஸ்வேர்டையும் கண்டால் போன் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அதற்கு அது பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தக் கிழட்டு ரூட்டர் எத்தனை தூரம் எட்டிவிடப் போகிறது? ஒரு வீடு, மிஞ்சிப்போனால் ஒரு சந்து.

பின்பக்க அறையிலிருந்து வெளியே ஓர் இரும்புப் படிக்கட்டு சந்துக்கு இறங்குகிறது. அந்தக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிவிட்டது, தொடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். மூத்தவள் இழுத்தாள். எண்ணெய் போட்டிருந்த தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு வந்தது. படியிறங்கினாள்.

படிக்கட்டுக்கு அடியில், ஸ்கூல் கார்களின் தேய்ந்த டயர்களை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில், சுவரில் தலையைச் சாய்த்து ஒருவன் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். காதோரத்திலும் புருவத்திலும் வெள்ளையாக மாவு. கையில் போன். இரண்டு வருஷத்தில் கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டுபோயிருந்தது.

"டேய்" என்றாள். அவன் அசையவில்லை. மறுபடி சொன்னாள்.

அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. ரொம்பக் களைத்தவர்களுக்குத் திடுக்கிடவும் தெம்பு இருப்பதில்லை.

"நீதான் போட்டியாக்கா அத? 'கேட்டா தரமாட்டேன்'னு போன்ல வந்துச்சு. கனவுன்னு நெனச்சு அப்படியே தூங்கிட்டேன்."

பின்னால் இரும்புப் படி அதிர்ந்தது. அம்மா. மேலே நின்று, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சொல்ல வேண்டியதை எல்லாம் அங்கே உட்கார்ந்தே அவள் சொன்னாள். சின்னவன் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்படியில் இரவு வேலை பார்க்கிறான். ஏழு பேர் தங்கும் ஓர் அறையில் இருக்கிறான். அடுத்த கட்டடத்தைப் பகலெல்லாம் இடிக்கிறார்கள்; அங்கே கண்ணை மூட முடியாது. நாலு மாதத்துக்கு முன், பேருந்து நிறுத்தத்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தவனை அம்மா பார்த்தாள். பிடித்து உலுக்கி, கூட்டிவந்து, இந்த அறையில் படுக்க வைத்தாள். அன்றிலிருந்து தினமும் மாஸ்டர் ஒன்பது மணிக்குக் கிளம்பிய பிறகு, பதினொன்றரை வாக்கில் இவன் இரும்புப் படி வழியாக வருவான். நாலு மணிக்கு எழுந்து போவான். மாஸ்டர் ஆஸ்பத்திரியில் கிடந்த இந்தப் பதினெட்டு நாளும் அப்படித்தான். இன்று மட்டும் வராதே என்று செய்தி அனுப்பினாள். அது போய்ச் சேரவில்லை. வந்தவன், தாழ்ப்பாள் திறக்காததால் கீழேயே உட்கார்ந்துவிட்டான்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று மூத்தவள் கேட்டாள்.

"ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு முன்னறையில உக்காந்திருப்ப. யானைய ஏத்திருந்தாக்கூட உனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள் அம்மா. பிறகு குரலை இறக்கி, "சொல்லியிருக்கலாம்தான். நீ போட்டுக் குடுக்கறவ இல்ல. எதையும் யாருகிட்டயும் சொல்றவ இல்ல நீ" என்றாள்.

பாராட்டாகத்தான் சொன்னாள். மூத்தவளால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மணி ஒன்றே முக்கால். சின்னவன் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டான். போகத்தான் போகிறான் என்று தெரிந்தது. எங்கே என்று அவனுக்கே தெரியாது என்பதும் தெரிந்தது. மூத்தவள், மூன்று மணிக்கு எனக்கு வேலை, இணையம் வரவில்லை, வந்து பார் என்றாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் டயர்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். பிறகு மேலே ஏறினான்.

மடிக்கணினி முன் சம்மணமிட்டு உட்கார்ந்தவன் இரண்டு நிமிஷத்தில் சிரித்துவிட்டான்.

"கீழ இருக்கறதும் இதுவும் ஒரே நம்பர்ல உக்காந்திருக்கு. ரெண்டு வீட்டுக் கதவுலயும் ஒரே நம்பர எழுதி வெச்சா தபால்காரர் என்ன பண்ணுவார்? அதான் முட்டிக்குது."

பழைய ரூட்டரின் முகவரியில் கடைசி எண்ணை மாற்றினான். புதிதாக வருகிற கருவிகளுக்கு எண் கொடுக்கிற வேலையைக் கீழே இருப்பது மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்று இதில் அதை நிறுத்தினான். டெக்னீஷியன் சொல்லாமல் விட்ட மூன்றாவது விஷயம் இதுதான். ரூட்டர் அணைந்து எழுந்தது. கீழிருந்து வந்த கேபிளைச் சொருகினான். தொளதொளத்த கொம்பை நிமிர்த்திப் பிடித்து, டேப்பை இறுக்கிச் சுற்றினான். மூத்தவள் கீழே போய்ப் பார்த்தாள், வந்தது. மேலே வந்து பார்த்தாள், வந்தது. தோழி ஒருத்தியை வீடியோவில் அழைத்து விரல்களை வேகமாக ஆட்டிக் காட்டினாள். ஒரு விரல்கூடத் தடுமாறவில்லை என்றாள் தோழி.

இரண்டு இருபது. அம்மா தட்டில் சாப்பாடு கொண்டுவந்தாள். சின்னவன் நின்றுகொண்டே சாப்பிட்டான். வேலை நேரத்தில் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது மூத்தவளுக்கு விதி. அதனால் மெத்தையை வெளியே, மாடித் திருப்பத்தில் விரித்தாள். அவன் படுத்ததும் தூங்கிப்போனான். அவள் கதவைச் சாத்தினாள்.

சரியாக மூன்று மணிக்குத் திரையில் டாக்டரும் அந்தப் பெண்ணும் வந்தார்கள். டாக்டர் கட்டியின் அளவைச் சொன்னார், எங்கே கீறுவார் என்று சொன்னார். பிறகு, முக்கியமான ஆபத்து ஒன்று இருக்கிறது, குரல் நரம்பு பாதிக்கப்பட்டுக் குரல் போய்விடலாம் என்றார். மூத்தவளின் கைகள் அதைச் சொல்லி முடித்தன.

அந்தப் பெண் ஒரு நொடி பார்த்தாள். பிறகு அவள் கைகள் பேசின. மூத்தவள் அதை வாயால் சொன்னாள். மொழிபெயர்ப்பவர் எப்போதும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும், அதுவும் விதி.

"என் குரல் கையில இருக்கு டாக்டர். மயக்கத்துக்கு ஊசிய எந்தக் கையில போடுவீங்க? வலது கையில போட்டுக் கட்டிட்டீங்கன்னா, முழிச்சதும் வலிக்குதுன்னுகூட நான் சொல்ல முடியாது. அத இப்பவே சொல்லிடறேன். அப்பறம் சொல்ல முடியாம போயிடும்."

டாக்டர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை என்றார். இடது முன்கையில் போடச் சொல்கிறேன் என்றார். அந்தப் பெண் சம்மதம் சொன்னாள்.

நாற்பது நிமிஷம். படம் ஒருமுறைகூட உறையவில்லை. திரை இருண்ட பிறகும் மூத்தவள் எழுந்திருக்கவில்லை. பதினோரு வருஷமாக நாள் முழுக்க 'நான், நான்' என்று சொல்கிறாள். எல்லாம் அடுத்தவர்களின் 'நான்'.

கதவைத் திறந்தாள். சின்னவன் விழித்துக்கொண்டு மெத்தைமேல் உட்கார்ந்திருந்தான். கிளம்ப வேண்டும், அப்பா வரும் நேரமாகிறது என்றான்.

அவன் எதிரே மேல்படியில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தால் இன்றைக்கும் முடியாது என்று தோன்றியதால் யோசிக்காமல் சொன்னாள்.

"அன்னிக்குக் காலையில அப்பா மெக்கானிக்கோட பேசுனத நான் கேட்டேன். பெடல் உள்ள போகுதுன்னு சொன்னார். சாயங்காலம் வண்டியக் கொண்டுவர்றேன்னார். எனக்குத் தெரியும்டா. நான் சொல்லல."

அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்புத் தகடு சுட்ட தழும்புகள் மணிக்கட்டு வரை இருந்தன. கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"நான் சரியா மிதிக்கலயோன்னு நெனச்சுக்கிட்டேதான்க்கா ரெண்டு வருஷமா இருந்தேன்" என்றான் கடைசியில். "தூக்கத்துல கால் தானா மிதிக்கும். அந்த அறையில எல்லாரும் திட்டுவாங்க."

எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன், எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கிறேன் என்றாள். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றாள்.

வாசலில் வண்டி ஒன்று பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. மணி நாலுகூட ஆகவில்லை.

சின்னவன் எழுந்து இரும்புப் படிப் பக்கம் நடந்தான். கீழே பேச்சுக்குரல்கள். வாசலில் மூன்று படி இருக்கிறது, நாற்காலியோடு தூக்க இரண்டு ஆள் வேண்டும், நான் ஒருத்தன்தான் வந்திருக்கிறேன், டிரைவருக்கு முதுகுவலி என்று ஆஸ்பத்திரி உதவியாளர் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் யாராவது இருப்பார்களா என்று கேட்டார். அதன் பின் அம்மாவின் குரல் வந்தது. வீடு முழுக்க, தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"சின்னு. கீழ இறங்கி வா. அப்பாவத் தூக்கணும்."

நாலு மாதமாகக் கிசுகிசுத்தே பழகிய குரல் அது.

சின்னவன் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்தான். மூத்தவளைத் தாண்டி, உள்படி வழியாக இறங்கினான்.

மாஸ்டர் சக்கர நாற்காலியில், வாசல் படிக்குக் கீழே இருந்தார். சவரம் செய்யாத முகம், மடியில் மாத்திரைப் பை. மகனைப் பார்த்தார். முகம் மாறியதா இல்லையா என்று மூத்தவளால் சொல்ல முடியவில்லை. உதவியாளர் ஒருபக்கம் பிடித்துக்கொண்டு, அந்தக் கையை அவர் கழுத்தில் போடுங்கள் ஐயா என்றார். மாஸ்டர் தயங்கினார். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. கையைத் தூக்கி மகனின் கழுத்தில் போட்டார்.

"மெதுவா" என்றார். இரண்டு வருஷத்தில் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை.

அவன் மெதுவாகத்தான் தூக்கினான். இரவெல்லாம் மாவு மூட்டை தூக்குகிறவன். கட்டிலில் இறக்கி, தலையணையைச் சரிசெய்து, போர்வையை இடுப்புக்குப் படாமல் விரித்தான். உதவியாளர் எந்த மாத்திரை எப்போது என்று சொல்லிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

"இவன் எப்ப வந்தான்?" என்று மாஸ்டர் அம்மாவிடம் கேட்டார்.

"நாலு மாசமாச்சு" என்றாள் அம்மா. அதற்குமேல் விளக்கவில்லை. தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

சின்னவன் போகவில்லை. மூத்தவளின் வேலை நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தான். முகம் அப்பாவின் முகத்துக்கு நேராக இருந்தது. அவன் கால் ஆடிக்கொண்டிருப்பதை மூத்தவள் பார்த்தாள். அவனும் பார்த்தான், முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா என்கிட்ட சொல்லிட்டாப்பா" என்றான்.

மாஸ்டர் மகனைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அம்மா தண்ணீரோடு வந்து நின்றாள். மூன்று பேரையும் பார்த்தாள். காலையிலிருந்து இல்லாத ஒரு நிதானம் அவளிடம் வந்திருந்தது.

"என்னத்தச் சொன்னா?"

அம்மா டம்ளரை ஸ்டூல்மேல் வைத்தாள். நான் கேட்கிறேன் இல்லையா என்று மறுபடி கேட்டாள். மூத்தவள் வாயைத் திறந்தாள்.

கட்டிலிலிருந்து மாஸ்டரின் கை உயர்ந்தது.

"நீ இரும்மா" என்றார் மகளிடம். "நான் சொல்றேன்."